சுமைதாங்கியின் பெயர்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில், ஊர் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால், ஒரு புளிய மரத்தின் நிழலில் சுமைதாங்கிக் கல் ஒன்று நின்றிருந்தது. செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு பலகைக்கல். உயரம் ஓர் ஆளின் தோளளவு. அவ்வளவுதான்.

பேருந்தும் மோட்டார் சைக்கிளும் மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறைக்குச் சுமைதாங்கி இன்னதென்று சொல்லித்தான் ஆகவேண்டும். தலைச்சுமைக்காரன் தனிவழியே போகையில் களைத்தால் சுமையைக் கீழே போட்டுவிடலாம். ஆனால் அதைத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள இன்னொருவர் கை வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அந்தக் கைக்கு எங்கே போவது? சுமைதாங்கியை ஒட்டி நின்று தலையைச் சற்றே சாய்த்தால் மூட்டை நகர்ந்து கல்லின்மேல் அமரும். இளைப்பாறிய பின் தலையைக் கொடுத்தால் மறுபடியும் ஏறிக்கொள்ளும். அந்த இன்னொரு கையாக இருப்பதுதான் கல்லின் வேலை.

அதை வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கருவுற்ற பெண் பிள்ளையைப் பெற்றெடுக்குமுன்னே இறந்துபோனால், இறக்கிவைக்காத சுமையோடு போனாளே என்று அவள் வீட்டார் ஏங்குவர். வழிப்போக்கர்களின் சுமையை அவள் பெயரால் ஒரு கல் தாங்கினால் அவள் சுமை குறையும் என்பது அவர்களது நம்பிக்கை. தமிழ்நாட்டுச் சாலைகளின் ஓரத்தில் இன்றும் ஆங்காங்கே சாய்ந்தும் சரிந்தும் நிற்கும் சுமைதாங்கிகள் பலவும் இப்படி எழுந்தவையே. அரசர் வைத்தவை அல்ல. அரசாங்கம் வைத்தவையும் அல்ல. ஒரு வீட்டின் துக்கம் ஊருக்கு உதவியாக மாறி நின்ற இடங்கள் அவை.

எம் பாட்டனார் ஜவுளி வியாபாரி. வியாபாரி என்றதும் கடையும் கல்லாப்பெட்டியும் நினைவுக்கு வரவேண்டாம். ஒரு மூட்டைச் சேலை, ஒரு முழக்கோல், கடன் கணக்கு எழுதிய ஒரு சிட்டை, இவைதாம் அவர் கடை. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இந்த மூலையில் அவர் கால் படாத சிற்றூர் இல்லை. "பாய் வந்துட்டாரு" என்ற குரல் கேட்டதும் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் பணம் வரும். சில இடங்களில் நெல்லாகவும் வரும்.

1960-களின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறை நாட்களில் நாமும் அவருடன் செல்வதுண்டு. நம் கையில் தண்ணீர்ச் செம்பு மட்டும். திரும்பும் வழியில் அந்தச் சுமைதாங்கியில் மூட்டையைச் சாய்த்துவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வார்: "இதை வச்சவங்களுக்கு அல்லாஹ் நன்மையைக் கொடுக்கட்டும்."

பாட்டனார் படிக்காதவர் அல்லர். குர்ஆன் ஓதுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் கணக்கும் கடிதமும் சரளமாக எழுதுவார். ஆனால் தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அக்காலத்து நம் முதியவர்கள் பலரின் நிலையும் அதுவே. ஒரு நாள் கல்லின் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டி, "தம்பி, நீ இஸ்கூலுல படிக்கிறியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. யாருன்னு தெரிஞ்சா பேரைச் சொல்லி துஆ கேக்கலாம்" என்றார்.

நமக்கு அப்போது பசி, வெயில் வேறு. எழுத்துக் குழிகளில் சுண்ணாம்பும் பாசியும் அடைந்திருந்தன. சுரண்டிப் பார்த்தால் படித்திருக்கலாம். நாம் சுரண்டவில்லை. "தேஞ்சு போயிருக்கு நன்னா, ஒண்ணும் தெரியலே" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையைக் கொடுத்து மூட்டையை ஏற்றிக்கொண்டார்.

சிறுவன் சொன்ன சிறு பொய்தான். அவரும் அதை மறந்திருப்பார், நாமும் மறந்துவிட்டோம்.

*

பிழைப்பு நம்மை ஊர் ஊராக அலைய வைத்தது. அலைச்சலில் ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: சாலையோரம் எழுத்துள்ள கல் எதுவாயினும் நின்று படித்துவிடுவது. நண்பர்கள் 'கல் படிக்கிறவர்' என்று கேலி பேசுவார்கள்; நமக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு.

சென்னையில் உயர்நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் பதித்துள்ள கல்லைப் படித்தோம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நகரைக் குண்டுவீசித் தாக்கியதை நினைவூட்டும் கல் அது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் அக்கப்பல் மறைந்துவிட்டது. கல்லைக் கவனிப்பவர் அரிது. ஆயினும் 'எம்டன்' என்ற சொல், கெட்டிக்காரன், பொல்லாதவன் என்ற பொருளில் நம் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது.

அதே போருக்கு இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். ஏறத்தாழ 74,000 பேர் மீளவில்லை. இந்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஆங்கில அரசு ஒரே வாய்ப்பாட்டில் சலவைக்கற்களைப் பதித்தது: இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர். எண் உண்டு, பெயர் இல்லை. எவருடைய மகன், எவருடைய கணவன் என்பதைக் கல் சொல்லாது.

மல்லிப்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் மனோராவைக் கண்டோம். மினார் என்ற நமக்குப் பழகிய சொல்லே தமிழ் நாவில் மனோராவாக உருண்டது என்பர். ஆறு பட்டைகளும் எட்டு அடுக்குகளும் கொண்ட அக்கோபுரத்தைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பினார். எதற்காக? நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாட. 1814-இல் எங்கோ ஐரோப்பாவில் ஒரு சக்கரவர்த்தி வீழ்ந்தான். அவன் முகத்தைக் கனவிலும் கண்டறியாத மீனவர் குடிசைகளின் நடுவே அதற்கு ஒரு கோபுரம் எழுந்தது. காசும் அதிகாரமும் உள்ளவன் தான் விரும்புவதைக் கல்லில் நிறுத்துகிறான். அந்நிலத்தில் வாழ்கிறவன் நினைவு எதுவென்று கேட்பதில்லை.

வேலூரில் இது இன்னும் உறைத்தது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தனர். புதிய தலைப்பாகையைத் திணித்து, தாடியையும் சமயச் சின்னங்களையும் விலக்கச் சொன்ன ஆணை அவர்களைக் கொதிக்க வைத்தது. திப்பு சுல்தானின் மக்கள் அப்போது அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். இருபுறமும் பேரிழப்பு, சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். மாண்ட ஆங்கிலேயருக்குக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் எழுந்தது. சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்க, நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 2006-இல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல்தலையும் வந்தது. கல் தாமதமாக வரலாம். வராமலே போவதைவிட அது மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா சென்றபோதும் இப்பழக்கம் நம்மை விடவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் சாலையோரம் வெள்ளிநிறப் பலகைகள் கறுப்பு எழுத்துகளுடன் வரிசையாக நிற்கின்றன. மோட்டார் வண்டியில் போகிறவர்கள் தாம் கடக்கும் மண்ணின் கதையை அறியட்டும் என்று 1927-இல் தொடங்கிய ஏற்பாடாம். இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 2,500-க்கும் மேல் உள்ளன. டெக்ஸாஸ் மாநிலத்தில் 16,000-க்கும் மேல். மருமகன் சலிக்காமல் வண்டியை நிறுத்தினார். ஆதியில் எழுந்த பலகைகளில் தளபதிகளும் போர்களும் மாளிகைகளுமே மிகுதி. கறுப்பின மக்கள், செவ்விந்தியர், பெண்கள் ஆகியோரின் கதைகள் பின்னாளில்தான் மெல்ல மெல்ல இடம்பெற்றன.

அந்நாட்டில் ஒரு பலகையின் கதை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்ற பழியின்மேல் கடத்திக் கொல்லப்பட்டான். உடலை ஆற்றில் எறிந்தார்கள். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அரை நூற்றாண்டு கழித்து 2008-இல் ஆற்றங்கரையில் அவன் பெயரால் ஒரு பலகை வைத்தார்கள். அதைப் பெயர்த்து ஆற்றில் எறிந்தனர் சிலர். இரண்டாவது பலகையைத் துப்பாக்கியால் சல்லடையாக்கினர். மூன்றாவதற்கும் அதே கதி. 2019-இல் நான்காவதாகக் குண்டு துளைக்காத உருக்கில் பலகை செய்து நட்டார்கள். எடை 200 கிலோவுக்கும் மேல். எழுதிய பெயரைக் கண்டு மனிதன் எவ்வளவு அஞ்சுகிறான்! அச்சிறுவனின் பெயர் அங்கே நிற்கவேண்டும் என்று திரும்பத் திரும்ப நட்ட கைகளையும் நாம் எண்ணிப்பார்த்தோம்.

*

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு திருமணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் வந்தோம். சேத்தியாத்தோப்புச் சாலையில் புளிய மரம் இல்லை. சாலை அகன்றிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கித் தேடினோம். பள்ளத்தில், பெயர்த்துத் தள்ளிய தார்க்கட்டிகளுக்கிடையே, பலகைக்கல் குப்புறக் கிடந்தது. கால்கற்களில் ஒன்று அதன் பக்கத்தில். மற்றொன்று இரண்டாக உடைந்திருந்தது.

சாலை வேண்டாமென்று எவரும் சொல்லமாட்டார். தலைச்சுமை இல்லாத காலத்தில் சுமைதாங்கி எதற்கு என்று கேட்டாலும் விடை சொல்வது கடினம். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம்டனைப் படித்தோம், நெப்போலியனைப் படித்தோம், கடல் கடந்து வர்ஜீனியாவைப் படித்தோம். எம் பாட்டனாரின் தலைச்சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கிய கல்லில் எழுதியிருந்த ஒரு பெயரை மட்டும் படிக்கவில்லை. அவர் கேட்டும் படிக்கவில்லை.

மறுநாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் தேநீர்க்கடை நண்பரையும் அழைத்துக்கொண்டு போனோம். கல்லைப் புரட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, இருட்டியபின் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தோம். நேரே பிடித்தால் தெரியாத எழுத்து, பக்கவாட்டில் ஒளி விழுந்தால் நிழல்கட்டித் தெரியும். தெரிந்தது இவ்வளவே: '...ம்மாள் ஞாபகார்த்தம்'. அதன் கீழ், 'பிரஜோற்பத்தி வருஷம் தை மாதம்'. முற்பகுதியை இயந்திரத்தின் பல் கொத்திப் பெயர்த்திருந்தது. புதிய உடைப்பு, வெள்ளை வெளேரென்று இருந்தது.

அன்று நாம் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது.

பிரஜோற்பத்தி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆகவே அந்தத் தை மாதம் 1872 ஆகவும் இருக்கலாம். 1932 ஆகவும் இருக்கலாம். பக்கத்துச் சிற்றூரில் ஒரு மூதாட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பாட்டனாரின் பெயரைச் சொன்னதும் "சேலைக்காரர் பேரனா? உக்காருங்க தம்பி" என்று பாயை விரித்தார். கல்லைப் பற்றிக் கேட்டோம்.

"அது எங்க மாமியாளோட அக்காவுக்கு வச்ச கல்லு. தலைச்சம் புள்ள வயித்துல இருக்கையிலேயே போயிட்டாங்க. கல்லு நட்ட அன்னிக்கு வழியில போறவங்களுக்கெல்லாம் நீர்மோரு ஊத்தினதா எங்க மாமியா சொல்லும்."

அப்படியானால் ஆண்டு 1932-தான். அவர் பெயர் என்னவென்று கேட்டோம்.

மூதாட்டி வெகு நேரம் யோசித்தார். "பேரு யாரு தம்பி சொன்னா? மூத்தவ, மூத்தவன்னுதான் பேசிக்குவாங்க. பேருதான் கல்லுல இருக்குதே" என்றார்.

*

நம் நாட்டில் கல்லுக்குப் பெயர் எழுதும் மரபு இன்று நேற்று வந்ததன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாக வகுத்துச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மன் காலத்தது, ஏறத்தாழ 1,400 ஆண்டு பழமையானது. மாடு கவர்ந்தாரோடு போராடி மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவனுடைய நாய்க்கும் அதில் உருவம் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நன்றியுள்ள ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டாக நிற்கிறது. 1932-இல் மறைந்த ஒரு பெண்ணின் பெயர் தொலைந்துவிட்டது. கல் அவளுக்கும் இருந்தது, எழுத்தும் இருந்தது. படித்து வாயால் சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று.

கல் மட்டுமே நினைவைக் காக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஸ்ரீமுஷ்ணத்து மக்கள் அதை நன்கறிவார்கள். மாசி மகத்தை ஒட்டிப் பூவராகப் பெருமாள் கடலாடக் கிள்ளைக்குப் புறப்படுகிறார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. கிள்ளைத் தைக்காலில் ஹஜ்ரத் சையிது ஷா ரஹ்மத்துல்லாஹ் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் எதிர்கொண்டு பட்டும் மாலையும் வழங்குகிறார்கள். கோயில் மாலை தர்காவுக்கு வருகிறது, பாத்திஹா ஓதப்பெறுகிறது. உப்பு வேங்கடராயர் என்ற அதிகாரி இதன் பொருட்டு நிலம் எழுதி வைத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். இந்நிகழ்ச்சிக்குச் சாலையோரத்தில் கல் எதையும் நாம் கண்டதில்லை. ஆண்டுதோறும் கால்கள் அவ்வழியில் நடப்பதால் அது மறக்கவில்லை. நடை நின்றுபோனால்தான் கல் தேவைப்படும். சுமைதாங்கிக்கு நேர்ந்தது அதுவே. தலைச்சுமை நின்றது, கல்லருகே நிற்பவர் இல்லை, பெயரைக் கேட்பவரும் இல்லை.

மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் முடிந்துவிடுகின்றன. தொடர்ந்து பயன்தரும் தருமம் போன்ற சிலவற்றின் நன்மை மட்டும் அற்றுப்போவதில்லை என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். அதை ஸதக்கா ஜாரியா என்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறு ஒன்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்திருக்கிறோம். அந்தக் கல்லை நட்டவர்கள் இச்சொற்களை அறிந்தவரல்லர். பாட்டனார் அறிந்தவர். அவர் கல்லில் சாய்ந்து சொன்ன ஒற்றை வாக்கியத்தின் பொருள் நமக்கு இத்தனை காலங்கழித்தே விளங்கிற்று.

*

கல்லைத் திரும்ப நடுவதென்று ஊரார் கூடிப் பேசினார்கள். சாலை விளிம்பில் இடம் இல்லை. பேருந்து நிற்குமிடத்தருகே வைக்கலாம் என்று முடிவாயிற்று. உடைந்த காலுக்குப் பதிலாக வேறொரு கல் கிடைத்தது. வயல் வேலைக்கு வந்திருந்த ஜே.சி.பி. ஓட்டுநர் பலகைக்கல்லைத் தூக்கி ஏற்றித் தந்தார். கூலி கொடுத்தோம், "இதுக்குப் போயி காசா ஐயா?" என்று மறுத்துவிட்டார். சுமையில்லாத காலத்தில் எதற்கு என்று எண்ணி உயரத்தைக் குறைத்து, உட்காரத் தக்கதாக வைத்தார்கள்.

புதிதாக ஒரு சலவைக்கல்லும் பதித்து, திரும்ப நட்டவர்கள் பெயரை எழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். நம் பெயரையும் முதலில் போடுவதாக அன்போடு கூறினார்கள். நாம் வேண்டாமென்றோம். அவளுடைய பெயர் நிற்காத கல்லில் நம் பெயர் நிற்பது முறையன்று என்று சொன்னதும் அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பழைய எழுத்தில் கறுப்பு மை மட்டும் தீட்டினோம். உடைந்த இடத்தை உடைந்தபடியே விட்டோம். எந்தப் பெயரைக் கொண்டு அதை நிரப்புவது?

சென்ற முறை போயிருந்தபோது பள்ளி விட்டு வந்த சிறுமி ஒருத்தி, பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் பேருந்துக்காக நின்றிருந்தாள். எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நம்மை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, முதல் எழுத்தெல்லாம் காணோமே?" என்றாள்.

"நான் படிக்காம விட்டுட்டேன் அம்மா" என்றோம்.

அவளுக்கு அது விளங்கியிராது. பேருந்து வந்தது, பையை எடுத்துக்கொண்டு ஏறிப்போனாள். அவள் போனபின், பெயர் தெரியாத அந்தத் தாயின் கல்லில் கை வைத்து, பாட்டனார் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தோம்.